ஆறும்வரை கை எடுக்காதே: கம்பளி அல்லாத ஒரு கில்ட் பற்றிய நிகழ்வு ஆய்வு

எடின்பரோவில் துணி திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். கால்சட்டையின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, மணப்பெண்ணின் கவுனை இடுப்பில் பிடிப்பது என்று நாள்கள் போகும். ஊர் ஸ்காட்லாந்து என்பதால், இங்கே ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடையான கில்ட்டும் நடுநடுவே வரும். பெரும்பாலும் இடுப்பு வாரை நகர்த்தித் தரச் சொல்வார்கள். கல்யாணத்துக்கு வாங்கியதை மகன் கல்யாணத்துக்கும் உடுத்த நினைப்பவர்கள். மடிப்பு போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு அதுவரை எவரும் வந்ததில்லை. நல்ல கம்பளிக் கில்ட்டுக்கு அந்த நோய் அபூர்வம்.

மார்ச் மாதத்தில் ஒரு மழைநாளில் வந்தவருடையது கம்பளி அல்ல. நடைச்சுற்றுலா வழிகாட்டி அவர். ராயல் மைல் தெருவில் மேலும் கீழுமாக ஆட்களை அழைத்துக்கொண்டு போய் மன்னர் கதைகளும் பேய்க் கதைகளும் சொல்வது தொழில். வாரத்தில் ஐந்து நாள் கில்ட்தான் சீருடை. கம்பளி பட்டால் உடம்பு தடித்துவிடும். தவிர, மழையில் நின்று, ஈரப் படிக்கட்டில் உட்கார்ந்து, வாரம் ஒருமுறை துவைத்தாக வேண்டிய உடைக்குக் கம்பளியில் பணம் போட மனமும் இல்லை. இது நியாயமான முடிவு என்றே எனக்குத் தோன்றியது. கம்பளி அல்லாத கில்ட்டைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. தினமும் வேலைக்கு உடுத்திப் போகிறவனின் கஷ்டம் அவர்களுக்குத் தெரியாது.

மேசைமேல் அவர் விரித்துப் போட்டதைப் பார்த்தபோது, வாங்கிய அன்று அது கில்ட்டாக இருந்திருக்கும் என்று ஊகிக்கத்தான் முடிந்தது. பின்புறம் குடையின் ஓரம்போல விரிந்து கிடந்தது.

உடையின் அமைப்பு

கில்ட்டைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பக்கம் இரண்டு தட்டையான பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும், ஏப்ரன் என்பார்கள். பின்பக்கம் முழுவதும் ஒரே திசையில் சாய்ந்து படுத்த கத்தி மடிப்புகள். இடுப்பிலிருந்து பிட்டத்தின் அகன்ற பகுதி வரை ஒவ்வொரு மடிப்பையும் தைத்து இறுக்கியிருப்பார்கள். அதற்குக் கீழே மடிப்பு சுதந்திரம். நடக்கும்போது விசிறியாக விரிந்து மூடும். முறையாகத் தைத்த கில்ட்டுக்கு 8 கஜம் துணி, அதாவது 7.3 மீட்டர் போகும். நம் புடவையைவிட ஒன்றரை மீட்டருக்குமேல் அதிகம். ஆனால் புடவைக் கொசுவம் அன்றன்றைக்குப் பிடித்து அன்றன்றைக்கு அவிழ்ப்பது. கில்ட்டின் கொசுவம் தைத்தவர் கை விட்ட பிறகும் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்க வேண்டியது.

இவருடையது 5 கஜத்துக் கில்ட். பிளாக் வாட்ச் டார்ட்டன். டார்ட்டன் என்பது ஸ்காட்லாந்தின் கட்டம்போட்ட துணி, அதன் கோடுகளை வைத்துக் குலம் சொல்வதும் உண்டு. கறுப்பும் கருநீலமும் கரும்பச்சையும். பின்பக்கம் 22 மடிப்புகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 அங்குலத் துணியை உள்ளே விழுங்கியிருந்தது. தையல் முடியும் இடத்திலிருந்து ஓரம் வரை சுமார் 15 அங்குலம் தொங்கு பகுதி. சிக்கல் முழுவதும் அந்த 15 அங்குலத்தில்.

உள்ளே இருந்த சீட்டில் 65 சதவீதம் பாலியெஸ்டர், 35 சதவீதம் விஸ்கோஸ் என்று அச்சிட்டிருந்தது. சீட்டை நான் நம்புவதில்லை. உள் ஏப்ரனின் தையல் மடிப்பிலிருந்து நான்கு இழை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன். கம்பளியாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தியும் விஸ்கோஸும் காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடுகுபோலக் கெட்டியான மணியாகும். இங்கே காகித வாசமும் வந்தது, சாம்பலுக்குள் கெட்டி மணிகளும் இருந்தன. சீட்டு பொய் சொல்லவில்லை.

என்ன நடந்திருந்தது

துவைப்பதிலிருந்து உடுத்துவது வரை அவர் செய்வதை அப்படியே சொல்லச் சொன்னேன். துணி நோய்க்கு வைத்தியம் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. 40 டிகிரியில் இயந்திரத்தில் போடுவார். சலவை நிலையத்தில் சூட்டு உலர்த்தியில் முக்கால் மணி நேரம். காலையில் இஸ்திரிப் பலகையில் போட்டு, பெட்டியை முழுச் சூட்டில் வைத்து, நீராவி அடித்துக்கொண்டே ஒரு மடிப்பைத் தேய்த்ததும் தூக்கி அடுத்ததைப் போடுவார். முடிந்ததும் அந்தச் சூட்டோடு கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்காருவார். மடிப்பு நிற்கவில்லை என்று இடையில் ஒருமுறை கடையில் விற்கும் கஞ்சித் தெளிப்பான் வாங்கி அடித்திருக்கிறார். கருநீலத் துணியில் அது பொடுகுபோல உதிர்ந்திருக்கிறது. சுற்றுலாக் குழுவில் ஒரு சிறுமி அதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் தையல்கடையைத் தேடியிருக்கிறார்.

துணியில் நான் கண்டவை: வெளி மடிப்பின் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தது. உள் மடிப்பு, அதாவது துணி உள்ளே போய்த் திரும்பும் கோடு, பல இடங்களில் அடையாளமே இல்லை. பத்துப் பன்னிரண்டு மடிப்புகளில் இரட்டைக் கோடு. பழைய கோட்டின் மேல் தேய்க்காமல் கால் அங்குலம் தள்ளித் தேய்த்ததால் வந்தது. விளிம்புகள் சில எண்ணெய் தடவியதுபோல மினுமினுத்தன. அது தீக்காயம், பாலியெஸ்டர் இழையின் மேற்பரப்பு இளகித் தட்டையாகிவிட்டது.

இந்த நான்கில் முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதைச் சொல்வதற்குமுன் இழை எப்படி மடிப்பை நினைவில் வைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கம்பளி என்பது முடி. கெரட்டின் என்ற புரதம் சுருள்சுருளாக அமைந்து, கந்தகப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று கட்டுண்டது. நசுக்கினால் மீண்டு வரும் குணம் அந்தச் சுருளிலிருந்து வருகிறது. உட்கார்ந்து கசங்கிய கம்பளிக் கில்ட்டை இரவு முழுவதும் தொங்கவிட்டால் பாதிக் கசங்கல் தானே போய்விடும். ஆவி கொடுத்து அழுத்தினால் பிணைப்புகள் சில அவிழ்ந்து புதிய நிலையில் மறுபடி கட்டிக்கொள்ளும். போதாததற்கு எடை வேறு: கில்ட்டுக்கு எடுக்கும் கம்பளித் துணி கஜத்துக்கு 16 அவுன்ஸ், ஏறக்குறைய 450 கிராம் இருக்கும். அந்தக் கனமே மடிப்பைக் கீழே இழுத்து நேராக்கும். ஆனாலும் துவைத்தால் கலையாத மடிப்பு கம்பளிக்கும் பிறவிக் குணம் அல்ல. ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 1957இல் சிரோசெட் என்ற இரசாயன முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் கம்பளிப் பாவாடையில் நிலையான மடிப்பு சாத்தியமாயிற்று.

பாலியெஸ்டரின் நினைவு வேறு மாதிரி. அது பிளாஸ்டிக். ஏறக்குறைய 70, 80 டிகிரியைத் தாண்டும்போது அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அசையத் தொடங்கும். எந்த வடிவத்தில் வைத்து ஆறவிடுகிறோமோ அந்த வடிவத்தில் உறைந்துவிடும். உருகுவது 250 டிகிரிக்கு மேலேதான். ஆலையில் சூடேற்றி மடிப்பு நிறுத்துவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில். விஸ்கோஸ் இதற்கு நேர்மாறு. மரக்கூழிலிருந்து வந்த செல்லுலோஸ் அது. சூட்டைவிட நீருக்குத்தான் பணியும். நனைந்தால் ஊதி, பலம் இழந்து, பழைய மடிப்பை மறந்துவிடும். நனைந்த நிலையிலிருந்து காயும்போது எப்படி வைத்திருக்கிறோமோ அப்படி நிற்கும்.

இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: மடிப்பு பிடிப்பது சூடாக்கும்போது அல்ல, ஆறும்போது. நம்மவர் இதில்தான் தவறிக்கொண்டிருந்தார். தேய்த்த மடிப்பைச் சூட்டோடு தூக்கினார், அதற்குள் சங்கிலிகள் உறையவில்லை. துணி தளர்ந்து, மழுங்கிய நிலையில் உறைந்தது. அடுக்கடுக்காக இருக்கும் மடிப்புத் துணி எளிதில் ஆறாது. அந்தச் சூட்டோடு பஸ் இருக்கையில் உட்கார்ந்தபோது, தன் உடல் எடையாலேயே புதிய கசங்கல்களை நிலையாகப் பதித்துக்கொண்டார். சலவை நிலையத்து உலர்த்தியும் தன் பங்குக்குச் சூட்டில் உருட்டிப் புரட்டியது. 40 டிகிரித் துவைப்பு பாலியெஸ்டரைப் பெரிதாக ஒன்றும் செய்திருக்காது.

முதல் முயற்சி: என் தவறு

இவ்வளவும் எனக்கு முதல் நாளே தெரிந்திருந்ததுபோல எழுதிவிட்டேன். உண்மையில் முதலில் நான் செய்தது, கம்பளிக்குச் செய்வதை இதற்கும் செய்ததுதான். தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர் கலந்து, பருத்தி மேல்துணியை அதில் நனைத்துப் பிழிந்து, மடிப்பின் மேல் போட்டு ஆவி வர அழுத்தினேன். கில்ட் தைக்கும் முதிய அம்மாள் ஒருவர் எனக்குச் சொல்லித்தந்த முறை. கம்பளியில் அழகாக வேலை செய்யும். இங்கேயும் வெட்டினாற்போலக் கூர்மையாக வந்தது, பெருமையோடு மாட்டி வைத்தேன். சோதனைக்காக ஒரு மூலையை நனைத்துக் காயவிட்டதும் மடிப்பு பாதி விரிந்துவிட்டது.

பிசகு மேல்துணியின் ஈரத்தில் இருந்தது. ஈரத்துணி நடுவில் இருக்கும்வரை, பெட்டி எவ்வளவு சூடாக இருந்தாலும் கீழே உள்ள துணி 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். மீதிச் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கப் போய்விடும். விஸ்கோஸுக்கு அது போதும். பாலியெஸ்டர் கொஞ்சம் இளகும், ஆனால் துவைப்பைத் தாங்கும் அளவுக்கு உறையாது. வினிகரை அது கண்டுகொள்ளவே இல்லை. பழைய தவறான கோடுகளைக் கலைக்க ஈரம் உதவியது என்பது மட்டும் மிச்சம்.

இரண்டாம் முயற்சி

இந்த முறை அவசரப்படவில்லை. அவரிடம் நான்கு நாள் கேட்டு வாங்கினேன்.

முதலில் தொங்கு பகுதியை மடிப்பு மடிப்பாகத் திறந்து, ஈர மேல்துணியும் ஆவியும் கொடுத்து இரட்டைக் கோடுகளைத் தட்டையாக்கினேன். எல்லாம் மறையவில்லை, ஆழமாகப் பதிந்திருந்த மூன்று நிழலாக நின்றுவிட்டன.

பிறகு மடிப்புகளை அவற்றின் பழைய இடத்தில் அமைத்தேன். டார்ட்டன் துணியில் இதற்கு அளவுகோலும் சாக்குக்கட்டியும் வேண்டாம். தைத்தவர் ஒவ்வொரு மடிப்பிலும் கட்டத்தின் எந்தக் கோடு விளிம்பில் வர வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் தைத்திருப்பார். மேலே தைத்த பகுதியில் அந்தக் கோடு தெரியும். அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு கீழே ஓரம் வரை வந்தால் மடிப்பு தன்னால் நேராக விழும். அப்படி அமைத்த ஒவ்வொரு மடிப்பையும் வெள்ளை நூலால் பெரிய ஓட்டுத் தையல் போட்டுக் கட்டினேன். தையல் முடியும் இடத்துக்குக் கீழே ஒரு வரிசை, நடுவில் ஒன்று, ஓரத்துக்கு அரை அங்குலம் மேலே ஒன்று. நூல் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த நூல் சூட்டில் அழுந்தித் துணியில் தடம் விட்டுவிடும்.

நான் தையல் பழகியது பரதநாட்டிய உடைகளில். முன்னால் விரியும் பட்டு விசிறியை ஆட்டம் முடிந்ததும் மடிப்பு மாறாமல் அடுக்கி நாடாவால் கட்டி வைக்கச் சொல்வார் என் ஆசிரியை. கட்டி வைத்த விசிறியை அடுத்த ஆட்டத்துக்கு இஸ்திரி போடவே தேவையிருக்காது. பிடித்துக் கட்டிய பிறகுதான் சூடு என்ற வரிசையை எனக்குச் சொல்லித்தந்தது அந்தப் பட்டுதான்.

அடுத்தது காகிதம். பழுப்புக் காகிதத்தை நீளநீளமாக வெட்டி, ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் செருகினேன். இல்லையென்றால் அடியில் உள்ள மடிப்பின் விளிம்பு மேலே உள்ள துணியில் வரம்புபோலத் தெரியும். காகிதத்தோடு வைத்துச் சூட்டில் அழுத்துவது பெரிய ஆட்களும் செய்யும் வேலைதான். ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாக்கே 1993இல் தொடங்கிய பிளீட்ஸ் ப்ளீஸ் உடைகளை, பெரிய அளவில் தைத்த பிறகு காகிதங்களுக்கு இடையே வைத்துச் சூட்டு அழுத்தத்தில் மடிப்பார்கள். பாலியெஸ்டர் என்பதால் அவற்றைத் துவைத்தாலும் மடிப்பு நிற்கிறது. அதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன் வெனிஸ் நகரில் மரியானோ ஃபார்ச்சூனி மடித்த பட்டு கவுன்களோ நனைந்தால் போச்சு, திரும்ப அவரிடமே அனுப்ப வேண்டும். இழை வேறானால் விதியும் வேறு.

அழுத்துவதை உட்பக்கத்திலிருந்து தொடங்கினேன். பெட்டியில் இரண்டு புள்ளி, அதாவது அதிகபட்சம் 150 டிகிரி. முதலில் ஈர மேல்துணி, விஸ்கோஸுக்காக. ஆவி அடங்கியதும் அதை எடுத்துவிட்டு உலர்ந்த மேல்துணி போட்டு மறுபடி பத்துப் பன்னிரண்டு விநாடி, பாலியெஸ்டருக்காக. பெட்டியை இழுக்கக் கூடாது. வைக்க வேண்டும், எடுக்க வேண்டும். எடுத்த கணமே அந்த இடத்தில் மெருகு போடாத கடின மரக்கட்டையை வைத்து இரு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றேன். மரம் ஆவியை உறிஞ்சும், சூட்டை மெல்லக் குடிக்கும். கட்டையை எடுத்து விரலை வைத்தால் துணி என் விரலைவிடச் சூடாக இருக்கக் கூடாது. அதுதான் என் அளவு. ஓரிடத்துக்கு ஒன்றரை நிமிடம்போல ஆனது. 22 மடிப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று இடம், உள்ளும் புறமும். ஒரு பிற்பகல் முழுக்கப் போயிற்று, தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. அவிழ்க்காமல் ஓட்டுத் தையலோடு இரவு முழுவதும் மேசையில் கிடத்தினேன்.

மறுநாள் அதே மூலைச் சோதனை. நனைத்தேன், காயவிட்டேன். வெளி மடிப்பு கூர்மை குறையாமல் நின்றது. உள் மடிப்பு மட்டும் கொஞ்சம் நெகிழ்ந்தது; உள்ளே போய்த் திரும்பும் இடத்தில் பெட்டியின் அழுத்தம் சரியாகப் போய்ச் சேரவில்லை.

உள் விளிம்புத் தையல்

இங்கே ஒரு வாக்குவாதம் உண்டு. 2000இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கிய யூட்டிலிகில்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் பருத்திக் கில்ட்டுகளில் மடிப்பு விளிம்பை ஒட்டி மேலிருந்து கீழ்வரை தையல் ஓட்டியிருக்கும். பருத்திக்கு அது சரி. நனைந்ததும் மறக்கும் இழைக்குத் தையலைவிட உறுதியான நினைவு கிடையாது. ஆனால் டார்ட்டன் கில்ட்டின் வெளி விளிம்பில் தையல் தெரிந்தால் வேலைக்காரச் சீருடைபோல ஆகிவிடும், நடையில் மடிப்பு விரியும் அழகும் விறைத்துப்போகும். வினிகர் முறை சொல்லித்தந்த அந்த அம்மாளிடம் யோசனை கேட்டேன். கில்ட்டில் விளிம்புத் தையல் என்ற சொல்லைக் கேட்டதும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

உள் விளிம்பில் மட்டும் என்றேன். வெளியே தெரியாது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நூல் நிறம் மாறாமல் பார்த்துக்கொள் என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

கரும்பச்சைப் பாலியெஸ்டர் நூல், 3 மில்லிமீட்டர் தையல் நீளம், விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே. நூல் இறுக்கத்தை நன்றாகத் தளர்த்தினேன். இறுக்கினால் விளிம்பு சுருங்கி மடிப்பு பாம்புபோல நெளியும்; பழைய துணித் துண்டில் இரண்டு முறை நெளியவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 22 மடிப்புக்கு 15 அங்குலம் வீதம், 8 மீட்டருக்குச் சற்றே கூடுதலான தையல்.

கொடுத்தனுப்பிய பத்தியம்

உலர்த்தி கூடவே கூடாது என்றேன். துவைப்பதற்குமுன் ஓரத்தை ஒட்டி ஒரு வரிசை ஓட்டுத் தையல் போட வேண்டும். ஐந்து நிமிட வேலை, ஊசி பிடிக்கத் தெரிந்தால் போதும். வலைப்பையில் போட்டு 30 டிகிரியில் மிகக் குறைந்த சுழற்சி. பிழியாமல் சொட்டச் சொட்ட இடுப்பில் கவ்விகள் போட்டுத் தொங்கவிட வேண்டும். கம்பளியின் கனம் செய்கிற வேலையை அந்த நீரின் கனம் செய்யும். இஸ்திரி தேவைப்பட்டால் முந்தின இரவே. வெளியூர் போகும்போது பைப் வாத்தியக்காரர்கள் செய்வதுபோல, கில்ட்டை நீளவாக்கில் உருளையாகச் சுருட்டிப் பெண்களின் நீளக் காலுறை ஒன்றுக்குள் நுழைத்துவிடலாம்.

உட்காருவதையும் சொல்லித்தர வேண்டியிருந்தது. புறங்கையால் பின்மடிப்பைக் கீழ்நோக்கித் தடவிப் படியவைத்துக்கொண்டே உட்கார வேண்டும். பட்டுப்பாவாடை கட்டிய எந்தச் சிறுமிக்கும் தெரிந்த காரியம் அது. அவர் என் கடையில் நாற்காலி போட்டுப் பத்து முறை உட்கார்ந்து எழுந்தார்.

பின்தொடர்தல்

ஆறு வாரம் கழித்து வந்தார். உள் மடிப்புகளில் ஒன்றுகூட அசையவில்லை. வெளி மடிப்பில், உட்காரும் இடத்தின் நடுவில் வரும் ஐந்தாறு மட்டும் ஓரத்தில் மழுங்கத் தொடங்கியிருந்தன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த ஐந்தாறை மட்டும் அவர் வீட்டிலேயே அழுத்தச் சொன்னேன். மரக்கட்டைக்குப் பதிலாகச் சமையலறையின் காய்கறி வெட்டும் பலகையைப் பயன்படுத்துகிறாராம். பாதகமில்லை, வெங்காய வாசம் இல்லாவிட்டால் சரி.

ஆகஸ்ட் விழாக்காலம்தான் உண்மையான சோதனை. ஊரே நிரம்பி வழியும். அவருக்கு நாளுக்கு மூன்று சுற்று. கடலிலிருந்து ஏறிவரும் ஹார் என்னும் மூடுபனி காலை முழுவதும் துணியை நசநசவென்று வைத்திருக்கும். மாதக் கடைசியில் பார்த்தபோது, விஸ்கோஸின் பங்கு தன் குணத்தைக் காட்டியிருந்தது. மடிப்புகள் படிந்திருந்தன, ஆனால் கத்தி முனை போய்விட்டது. மறுபடி ஒரு பிற்பகல் செலவிட்டேன். ஆண்டுக்கு ஒருமுறை இது வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். விளிம்பின் மினுமினுப்பு மட்டும் போகவில்லை, போகவும் போகாது. இளகித் தட்டையான இழையைத் திரும்ப உருட்ட யாராலும் ஆகாது.

இதற்கிடையில், விலை மலிவு என்று வாங்கிய இன்னொரு கில்ட்டையும் கொண்டுவந்தார். சீட்டில் ‘அக்ரிலிக் வூல்’ என்று போட்டிருந்தது. கம்பளி அதில் ஒரு இழை இல்லை, முழுக்க அக்ரிலிக். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஈரச் சூடு பட்டால் அக்ரிலிக் தொய்ந்து நீண்டுவிடும், பிறகு எதைச் செய்தாலும் பழைய உருவத்துக்கு வராது. இரு விளிம்பிலும் தையல் ஓட்டிவிட்டு, இஸ்திரிப்பெட்டியைக் கிட்டவே கொண்டுபோகாமல் உடுத்தச் சொன்னேன்.

அக்டோபரில் கடைக்கு வந்தபோது பிளாக் வாட்ச் கில்ட்டின் பின்னால், ஓரத்துக்கு அரை அங்குலம் மேலே, மடிப்புகள் நெடுக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. துவைத்த பிறகு ஓட்டுத் தையலைப் பிரிக்க மறந்து அப்படியே வேலைக்குப் போயிருக்கிறார். அந்த வெள்ளைக் கோடு எந்தக் குலத்தின் அடையாளம் என்று ஒரு சுற்றுலாப் பயணி அன்று காலை கேட்டாராம். வழிகாட்டி அல்லவா, தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை.